செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை ரீசெட் செய்தால் அரை நாள் வேலை செய்கிறது, அப்புறம் பழைய கதைதான்

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். அவருக்குப் பொழுது போவதே சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஓடும் சீரியல்களில்தான். மூன்று வாரமாக டிடிஎச் ரிமோட் மக்கர் பண்ணுகிறது. நான் பெங்களூரில் வேலை, இப்போது லீவு போட்டு வந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ். அதற்குள் இதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

விஷயம் இதுதான். புது செல் போட்டால் நன்றாக வேலை செய்கிறது. கொஞ்ச நேரம் கழித்து எந்தப் பட்டனை அழுத்தினாலும் பாக்ஸ் அசையாது, சில நேரம் நாம் தொடாமலே சேனல் பற்றிய விவரம் வரும் பட்டை மட்டும் திரைக்குக் கீழே வந்து நிற்கிறது. பத்து நாளுக்கு ஒரு முறை செல் தீர்ந்துவிடுகிறது. பெட்டிக்கடையில் வாங்கும் செல் மட்டமானது என்று நினைத்து நல்ல அல்கலைன் செல்லே வாங்கிப் போட்டேன், அதுவும் அதே கதிதான்.

வீடியோக்களில் பார்த்து ரீசெட் செய்தேன். செல்லைக் கழற்றிவிட்டு எல்லாப் பட்டனையும் இரண்டு இரண்டு தடவை அழுத்தி, ஐந்து நிமிடம் கழித்து செல்லைப் போடச் சொன்னார்கள். செய்தேன், வேலை செய்தது! ஆனால் அரை நாள்தான். மறுபடி செய்தேன், மறுபடி அரை நாள். இன்னொரு வீடியோவில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தச் சொன்னார்கள், அந்தப் பட்டனே எங்கள் ரிமோட்டில் இல்லை. இதை நிரந்தரமாக ரீசெட் செய்ய வழி இருக்கிறதா, இல்லை புதுசு வாங்குவதுதான் ஒரே வழியா?

நைட்ஷிப்ட்:

தலைவா, ரிமோட்டை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாக இதுதான் சர்வீஸ் சென்டர். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே பலன் உண்டு. செல் உட்காரும் ஸ்பிரிங்கில் மெல்லிசாகக் களிம்பு பிடித்திருக்கும், தட்டும்போதோ செல்லை விரலால் உருட்டும்போதோ அது உரசிக்கொண்டு கரண்ட் போகும். அதுவும் ஆகவில்லை என்றால் செல்லை மொட்டை மாடியில் வெயிலில் காய வைக்கலாம்.

மாடிவீட்டு ஆன்டெனா:

தட்டுவது சரி, வெயிலில் காய வைப்பதை விட்டுவிடுங்கள் நண்பரே. சூடு ஏறினால் கொஞ்ச நேரம் உயிர் வந்த மாதிரி இருக்கும், அப்புறம் அதே சூட்டில் செல் ஒழுகும். ஒழுகினால் ஸ்பிரிங்கை அரித்துவிடும், அப்புறம் ரிமோட்டே போச்சு.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ரிமோட்டை ரீசெட் செய்வது வேறு, பாக்ஸை ரீசெட் செய்வது வேறு. ரிமோட் சரியாகவில்லை என்ற கடுப்பில் மெனுவுக்குள் போய் பேக்டரி ரீசெட்டில் கை வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். போன தீபாவளிக்கு முந்தின நாள். வரிசையாக வைத்திருந்த பிடித்த சேனல் பட்டியல் போச்சு, மறுபடி தேடச் சொன்னால் பாக்ஸ் பாதிச் சேனலைத்தான் கண்டுபிடித்தது, ஆள் வந்து சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. பட்டாசு சத்தத்தைவிட அப்பாவின் சத்தம் அதிகம். பாக்ஸ் மேல் சந்தேகம் இருந்தால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுத் திரும்பச் சொருகுங்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டாம்.

சால்டரிங்:

சார், ரீசெட்டுக்குப் போகும் முன் குற்றவாளி ரிமோட்டா பாக்ஸா என்று பார்த்துவிடுவோம். நான் ரிப்பேர் வேலையில் பல வருடம் இருந்தவன், "ரிமோட் போச்சு" என்று கொண்டு வருபவர்களில் நிறையப் பேருக்கு ரிமோட் போயிருக்காது.

முதலில் பாக்ஸின் முகப்பிலோ பக்கத்திலோ உள்ள பட்டனை அழுத்திச் சேனல் மாறுகிறதா பாருங்கள். மாறினால் பாக்ஸின் மூளை நன்றாக இருக்கிறது. அடுத்து உங்கள் மொபைல் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். ரிமோட்டிலிருந்து வருவது அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும், ஊதாவும் வெள்ளையும் கலந்த மாதிரி மினுக்கும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் கண்ணாடி இருக்கும், அதனால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். முதலில் நன்றாக வேலை செய்யும் டிவி ரிமோட்டை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டால் எது சரியான வெளிச்சம் என்று பிடிபடும்.

இனி முக்கியமானது. அறையை இருட்டாக்கிக்கொண்டு, ஒரு பட்டனையும் அழுத்தாமல், செல் போட்ட நிமிடத்திலிருந்து அந்த மூக்கைக் கேமராவில் பாருங்கள். உங்கள் கேள்வியில் பத்து நாளுக்கு ஒரு முறை செல் தீர்கிறது என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. சும்மா கிடக்கும் ரிமோட் செல்லைத் தொடவே தொடாது, இரண்டு ட்ரிபிள் ஏ செல் ஒரு வருடம்கூட ஓடும். பத்து நாளில் தீர்கிறது என்றால் யாரோ ராத்திரி பகலாக அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் இல்லை, அம்மாவும் இல்லை. அப்போது யார்? அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ரிமோட் மேல் ஏதாவது சிந்தியதா என்று அம்மாவிடம் விசாரிக்கவும்.

குட்டித்திரை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினை கொஞ்சம் வேறு. டிடிஎச் ரிமோட்டிலேயே டிவியின் பவர், வால்யூம் இரண்டும் வேலை செய்யும்படி முன்பு ஒருவர் செட் செய்து கொடுத்திருந்தார். புது டிவி வாங்கியதும் அது போய்விட்டது, இப்போது வீட்டில் இரண்டு ரிமோட்டோடு அலைகிறோம். இதற்கும் ரீசெட்தானா?

மாடிவீட்டு ஆன்டெனா:

குட்டித்திரை, உங்களுக்கு ரீசெட் வேண்டாம், பாடம் சொல்லிக் கொடுத்தால் போதும். பழைய டிவியின் குறியீட்டைத்தான் அந்த ரிமோட் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. புது டிவி ரிமோட்டையும் டிடிஎச் ரிமோட்டையும் மேஜை மேல் மூக்கோடு மூக்காக, நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு வையுங்கள். டிடிஎச் ரிமோட்டில் செட்டப் என்றோ செட் என்றோ ஒரு பட்டன் இருக்கும், அதை விளக்கு நின்று எரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு அதிலேயே டிவி பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி, உடனே டிவி ரிமோட்டின் பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு மினுக்கி ஏற்றுக்கொள்ளும். வால்யூமுக்கும் இப்படியே ஒவ்வொன்றாக. என் ரிமோட்டில் இந்த வரிசை. மாடலுக்கு மாடல் பட்டன் மாறும், அதனால் உங்கள் ரிமோட்டின் பின்னால் உள்ள மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எல்லா ரிமோட்டுக்கும் ஒரே வழி என்று சொல்லும் வீடியோவை அங்கேயே மூடிவிடலாம்.

குரலால் தேடும் மைக் பட்டன் வைத்த ரிமோட் என்றால் அது ப்ளூடூத்தாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்தக் கதை தனி. அதைப் பாக்ஸோடு மறுபடி ஜோடி சேர்க்க வேண்டும், பெரும்பாலும் இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடிப்பார்கள். கரிசல்காட்டான் பார்த்த இரண்டாவது வீடியோ அந்த ரகமாகத்தான் இருக்கும்.

கரிசல்காட்டான்:

சால்டரிங் அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். பாக்ஸில் உள்ள பட்டனில் சேனல் மாறுகிறது. ரிமோட்டில் செல்லைப் போட்டதும், சத்தியமாக நான் எதையும் தொடவில்லை, மூக்கில் ஊதா வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கிறது! கொஞ்ச நேரம் கழித்து நின்றது, வேறு பட்டனை அழுத்திவிட்டு எடுத்தால் திரும்ப ஆரம்பிக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். முதலில் ஒன்றும் சிந்தவில்லை என்றார். அப்புறம் இரண்டாவது காபி குடிக்கும்போது மெதுவாக வருகிறது, லீவுக்கு வந்த என் மகள் நன்னாரி சர்பத்தைக் கவிழ்த்துவிட்டாளாம். "அன்னைக்கே துடைச்சிட்டேன்டா, கவர் போட்டுத்தானே வச்சிருக்கு" என்கிறார். கவர் என்றால் பலசரக்குக் கடை பிளாஸ்டிக் கவர், அதில் ஒரு ரப்பர் பேண்ட். பிள்ளையைத் திட்டுவேன் என்று பாட்டியும் பேத்தியும் கூட்டுச் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று புரியவில்லை, ரீசெட் செய்தால் அரை நாள் நன்றாக இருந்ததே, அது எப்படி?

சால்டரிங்:

உங்களுக்குப் பலன் கொடுத்தது ரீசெட் இல்லை சார், எல்லாப் பட்டனையும் இரண்டு தடவை அழுத்தினீர்களே, அதுதான். சர்க்கரைப் பாகில் ஒட்டிக்கிடந்த பட்டன் அந்த அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு மேலே வந்திருக்கும். அரை நாளில் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. சேனல் விவரப் பட்டை தானாக வருகிறது என்றீர்கள், அப்படியானால் அந்த இன்போ பட்டன்தான் ஆள். ஒரு பட்டன் அமுங்கியே கிடந்தால் நீங்கள் அழுத்தும் அடுத்த பட்டனை ரிமோட் கண்டுகொள்ளாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரிக் குழம்பிவிடும்.

ரீசெட்டுக்கும் ஒரு வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ரிமோட்டுக்குள் ஒரு சின்ன சிப்பும் கெப்பாசிட்டரும் இருக்கும். எப்போதாவது சிப் உறைந்து நின்றுவிட்டால், செல்லை எடுத்துவிட்டுப் பட்டனை அழுத்தும்போது கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்து, சிப் தூங்கி எழுந்த மாதிரிப் புதிதாக ஆரம்பிக்கும். சர்பத்துக்கு அது மருந்தாகாது.

உங்களுடையதைக் கழுவத்தான் வேண்டும். செல்லை எடுத்துவிட்டு, செல் உட்காரும் குழிக்குள் திருகாணி இருக்கிறதா பாருங்கள், சிலதில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும், சிலதில் திருகாணியே இருக்காது. பிறகு இரண்டு ஓடும் சேரும் விளிம்பில் காலாவதியான ஏடிஎம் கார்டைச் சொருகி, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பிக்கொண்டே போனால் டக் டக்கென்று கொக்கிகள் விடும். கத்தி வேண்டாம், ஓடும் கிழியும், கையும் கிழியும்.

உள்ளே ஒரே ரப்பர் விரிப்பில் எல்லாப் பட்டனும் இருக்கும். அந்த ரப்பரையும் மேல் ஓட்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவலாம், தப்பில்லை. பட்டனின் அடியில் கறுப்புப் பொட்டு மாதிரி இருப்பது கார்பன், அதுதான் சுவிட்ச், அதை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள். போர்டைத் தண்ணீரில் போடவே கூடாது. மெடிக்கலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். போர்டிலும் கறுப்பாகக் கார்பன் பூசியிருக்கும், அழுக்கு என்று நினைத்து பிளேடால் சுரண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதோடு அந்தப் பட்டன் சமாதி. சென்ட், பாடி ஸ்பிரே எதுவும் அடிக்க வேண்டாம், காய்ந்த பிறகு அதுவும் ஒட்டும்.

ரப்பரை ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி காய விடுங்கள், பட்டனின் குழிக்குள் ஈரம் நிற்கும். செல் குழியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அல்கலைன் செல் ஒழுகியது, எலுமிச்சைச் சாறு தொட்ட குச்சியால் துடைத்துவிட்டு, ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை.

நைட்ஷிப்ட்:

அண்ணே, கார்பன் தேய்ந்த பட்டனுக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளை வட்டமாக வெட்டி ஒட்டுவார்களே, அது செல்லுபடியாகுமா?

சால்டரிங்:

ஆகும், நானே செய்து கொடுத்திருக்கிறேன். தாளின் உலோகப் பக்கம் போர்டைப் பார்க்க வேண்டும், பசை ஒரு துளிதான். சில மாதம் தாங்கும். ஆனால் பட்டன் எல்லாமே தேய்ந்த ரிமோட்டுக்கு உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருப்பதை விடப் புதுசு வாங்கிவிடலாம். வாங்கும்போது பழைய ரிமோட்டையும் கையில் கொண்டு போங்கள். ஒரே கம்பெனி பெயர் இருந்தாலும் சாதா பாக்ஸுக்கும் எச்டி பாக்ஸுக்கும் குறியீடு வேறாக இருக்கலாம், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று வாங்கி வந்து ஏமாந்தவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குத் திரும்பி வந்து சண்டை போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குட்டித்திரை:

மாடிவீட்டு ஆன்டெனா, பவரும் வால்யூமும் படித்துக்கொண்டது, நன்றி! முதல் இரண்டு தடவை ஏற்கவில்லை. மேலே எரிந்துகொண்டிருந்த பழைய சிஎப்எல் பல்பை அணைத்த பிறகு மூன்றாவது தடவையில் விளக்கு மினுக்கியது. தற்செயலா?

சால்டரிங்:

தற்செயலாக இருக்காது. ரிமோட்டுகள் பெரும்பாலும் விநாடிக்கு 38,000 தடவை துடிக்கும் ஒளியில்தான் பேசும். சிஎப்எல்லுக்குள் இருக்கும் சர்க்யூட்டும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் துடிப்பதால் ரிமோட்டின் பேச்சு அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். பாக்ஸின் கண் மேல் நேர் வெயில் விழுந்தாலும் தகராறுதான்.

கரிசல்காட்டான்:

நேற்று ராத்திரி கழற்றினேன். திருகாணி ஒன்றுதான், செல் குழிக்குள். திறந்ததும் நன்னாரி வாசமே வந்தது, மூன்று வாரம் கழித்து! இன்போ பட்டனைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின் மாதிரி, ஒரு எறும்பும் செத்துக் கிடந்தது. கோவில்பட்டியில் இரண்டு மெடிக்கல் ஏறி இறங்கித்தான் அந்த ஆல்கஹால் கிடைத்தது. கழுவி, ஃபேனுக்குக் கீழே தட்டில் பரப்பி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மாட்டும்போது ஒரு கொக்கி உடைந்துவிட்டது, பரவாயில்லை, செல்லோடேப் இருக்கிறது.

செல் போட்டு இருட்டில் கேமராவில் பார்த்தேன், ஒரு வெளிச்சமும் இல்லை. பட்டனை அழுத்தினால் மட்டும் மினுக்குகிறது. சாயங்காலம் சீரியல் ஆரம்பித்து முடியும் வரை அம்மா சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒரு தடவைகூட மக்கர் இல்லை. ராத்திரி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கவரையும் மாற்றியாயிற்று. பழைய கவர் எண்ணெய்ப் பிசுக்கில் மங்கிப் போயிருந்தது. அதைத் தூக்கிப் போட மட்டும் விடவில்லை, இப்போது அதில் அவருடைய பிரஷர் மாத்திரைச் சீட்டு இருக்கிறது, அதே ரப்பர் பேண்டோடு.