சனிக்கிழமை ஆட்டத்துக்கு உட்கார்ந்தால் சேனலையே காணோம், என்ன செய்வது?

சுகர்லேண்ட் மதுரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் இருக்கிறோம். நான் டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் எம்.எஸ். படித்தவள். முதல்முறை எங்கள் கல்லூரி மைதானமான கைல் ஃபீல்டுக்குப் போனபோது எனக்கு அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு விதிகூடத் தெரியாது. ஒரு லட்சம் பேருக்கு மேல் பிடிக்கும் மைதானம், அதில் மாணவர்கள் பகுதி மட்டும் ஆட்டம் முடிகிற வரை உட்காரவே உட்காராது, நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள், அணிக்கு ஆள் குறைந்தால் இறங்கத் தயாராக நிற்கிறோம் என்று அர்த்தமாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், படிப்பு முடிந்து இத்தனை வருடமாகியும் சீசன் வந்தால் சனிக்கிழமை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.

இந்த வருடம் அப்பா மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். வெயிலில் வெளியே நடக்கவும் முடியாது, காரும் ஓட்டமாட்டார், வார நாட்களில் பாவம் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். முதல் இரண்டு வாரம் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தவர், இப்போது நாலு வாய்ப்பில் பத்து கஜம் என்கிற கணக்கை என்னைவிட வேகமாகப் போடுகிறார். புதன்கிழமையே "இந்த வாரம் யாரோட மேட்ச்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

போன சனிக்கிழமை டிவியைப் போட்டால் சேனல் இருந்த இடத்தில் ஓர் அறிவிப்பு மட்டும். சேனலோடு போட்ட ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டதாம், எதிர்த்தரப்பு நியாயமில்லாத விலை கேட்கிறதாம், அவர்களுக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள் என்று நமக்கே வேலை கொடுக்கிறார்கள். மாதம் எண்பது டாலருக்கு மேல் கட்டுகிறேன், அதையும் அந்த ஆட்டங்களுக்காக மட்டும்தான் கட்டுகிறேன். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. அப்பா அந்த அறிவிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் சரியாகச் சீசன் நேரத்தில் இப்படிச் செய்கிறார்கள்? யார் மேல் தப்பு? திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும்? வருகிற சனிக்கிழமைக்குள் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஆன் ஆர்பர் பழைய மாணவன்:

உங்கள் அப்பா எழுந்து போனதைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. நீங்கள் பெயர் சொல்லாதது நல்லதுதான், ஏனென்றால் இது ஒரு நிறுவனத்தின் வியாதி இல்லை, இருபது வருடமாக எல்லோரிடமும் மாறி மாறி வருகிறது.

நான் 2007இல் மிஷிகனில் மாணவன். அந்த வருடம் ஆகஸ்ட் 30ஆம் தேதிதான் எங்கள் கல்லூரி ஆடும் பிக் டென் லீகின் சொந்தச் சேனலான பிக் டென் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 1, சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டோடு ஆட்டம். மிஷிகன் நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த அணி, எதிரி ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் சின்னக் கல்லூரி, யாரும் அதை ஒரு ஆட்டமாகவே எண்ணவில்லை. 34–32 என்று தோற்றோம். கடைசி வினாடிகளில் நாங்கள் ஜெயிப்பதற்காக உதைத்த ஃபீல்டு கோலை அவர்கள் தடுத்துவிட்டார்கள். காலேஜ் ஃபுட்பால் வரலாற்றில் இன்றும் பேசப்படும் ஆட்டம் அது, ஆனால் மிஷிகன் மாநிலத்திலேயே ஏராளமான வீடுகளில் அது தெரியவில்லை! அந்தப் பகுதியின் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் புதுச் சேனலை அப்போது எடுக்கவில்லை. டிஷ் வழியாகச் சேனல் தரும் டைரெக்டிவி எடுத்திருந்தது. கூரையில் டிஷ் வைத்திருந்த ஒரு நண்பன் வீட்டில் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம், அந்த உதை தடுக்கப்பட்டபோது அறையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

சண்டை எதற்கென்றால், எல்லோரும் வாங்குகிற அடிப்படை பேக்கில் வை என்று சேனல் கேட்டது, விளையாட்டு பேக்கில் தனியாக வைக்கிறேன், வேண்டியவர்கள் காசு கொடுத்துப் பார்க்கட்டும் என்று கேபிள் சொன்னது. அந்த லீகின் எட்டு மாநிலங்களில் ஒரு வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 1.10 டாலர் கேட்டார்கள். பார்க்கிற வீடு பார்க்காத வீடு என்றில்லாமல் எல்லா வீட்டிலிருந்தும் வசூல். காம்காஸ்டோடு ஒப்பந்தம் வந்தது 2008 ஜூனில்தான், அதற்குள் ஒரு சீசன் முழுக்கப் போய்விட்டது. ஆக, எவ்வளவு நாள் என்றால், புதுச் சேனலாக இருந்தால் வருடக்கணக்கில்கூட இழுக்கும். ஏசிசி என்ற இன்னொரு கல்லூரி லீகின் சேனலான ஏசிசி நெட்வொர்க் 2019 ஆகஸ்டில் வந்தது, காம்காஸ்ட் வீடுகளுக்குப் போனது 2021 டிசம்பரில். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த சேனலை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

பில்லிங் டல்லாஸ்:

ஒரு கேபிள் நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளில் சில வருடம் வேலை பார்த்தவன், அதனால் பணக் கணக்கை நான் சொல்கிறேன்.

நீங்கள் கட்டும் மாதக் கட்டணத்திலிருந்து ஒவ்வொரு சேனலுக்கும் தலைக்கு இவ்வளவு என்று போகிறது. டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்தான் அதில் ரொம்ப விலை கூடியது, ஒரு வீட்டுக்கு மாதம் 9 டாலருக்கு மேல். மற்றதெல்லாம் பெரும்பாலும் சில்லறைக் காசுதான். அதோடு ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும்: உன் சந்தாதாரர்களில் இத்தனை சதவீதம் பேருக்காவது இந்தச் சேனல் போக வேண்டும். அதனால்தான் கேபிள்காரர் நினைத்தாலும் விளையாட்டைப் பிரித்துத் தனியாக விற்க முடிவதில்லை. ஸ்ட்ரீமிங்கால் வருடா வருடம் ஆட்கள் கழன்று போகிறார்கள், மிச்சமிருக்கிறவர்களிடமிருந்து கூடுதலாக வாங்கியாக வேண்டும், வாங்கினால் இன்னும் கொஞ்சம் பேர் போய்விடுவார்கள்.

ஏன் சீசனில் என்று கேட்டீர்கள். ஜூன் மாதத்தில் சேனலை நிறுத்தினால் ஒருவரும் ஃபோன் போடமாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று ஈஎஸ்பிஎன், ஏபிசி உள்ளிட்ட டிஸ்னி சேனல்கள் சார்ட்டர் ஸ்பெக்ட்ரம் என்ற கேபிள் நிறுவனத்திலிருந்து மறைந்தன, அன்று இரவுதான் ஃப்ளோரிடா–யூட்டா ஆட்டம், ஏறக்குறைய 1.47 கோடி சந்தாதாரர்கள். செப்டம்பர் 11ஆம் தேதி, அன்றிரவு தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் திங்கட்கிழமை ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார்கள். 2024இல் டைரெக்டிவி: செப்டம்பர் 1, லாஸ் வேகாஸில் எல்எஸ்யூ, யூஎஸ்சி என்ற இரண்டு பெரிய கல்லூரிகள் மோதிய மாலை, 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள், 14ஆம் தேதி சண்டை முடிந்தது. 2025இல் இணையம் வழியாகச் சேனல் தரும் யூடியூப் டிவி: அக்டோபர் 30 நள்ளிரவில் போய் நவம்பர் 14இல் வந்தது, நடுவில் இரண்டு சனிக்கிழமைகள் காலி. தேதிகளைப் பாருங்கள், எல்லாமே ரசிகனுக்கு வலிக்கிற நாட்கள். ரசிகன் கத்தினால்தான் எதிராளி இறங்கி வருவான் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும், உங்கள் அப்பாவின் சனிக்கிழமையை வைத்துத்தான் பேரம் பேசுகிறார்கள்.

தப்பு யார் மேல் என்றால் என் கருத்து இது. விலையை ஏற்றுவது சேனல் தரப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேபிள் தரப்பை நல்லவர்களாக்கவும் நான் தயாரில்லை, சேனல் வராத நாட்களுக்கான பணத்தைத் தானாகவே திருப்பித் தந்தால் அவர்கள் சொல்வதை நம்பலாம். யூடியூப் டிவி 20 டாலர் கிரெடிட் கொடுத்தது, பலர் அதையும் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய்த் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்களும் இன்றே கேட்டு வாங்குங்கள், சேவையை நிறுத்தப் போகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம், ஆண்டெனா! ஏபிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி நான்கும் காற்றில் இலவசமாக வருகின்றன. ஹூஸ்டனில் ஏபிசி 13ஆம் எண். 2024 சண்டையில் அந்த நிலையமும் டைரெக்டிவியில் நின்றது, டிஸ்னியின் சொந்த நிலையம் என்பதால், ஆனால் ஆண்டெனா வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கல்லூரி ஆடும் எஸ்இசி லீகின் பெரிய ஆட்டங்கள் பல இப்போது ஏபிசியில்தான் வருகின்றன. இருபது முப்பது டாலருக்குள் கிடைக்கும், ஜன்னலில் ஒட்டி சேனல் தேடவிட்டால் போதும்.

சியாட்டில் மழை:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் சேனல் தரப்பு என்றால் எப்போதும் பெரிய கம்பெனி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே மேற்குக் கரையில் கல்லூரிகளே சேனல் நடத்தி என்ன ஆனது என்று பாருங்கள். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளின் பேக்-12 லீக் 2012 ஆகஸ்டில் தன் நெட்வொர்க்கைத் தொடங்கியது, முழுக்க முழுக்கத் தன் சொந்தப் பணத்தில், கூட்டாளி யாருமில்லாமல். பிக் டென் தொடங்கும்போதே 49 சதவீதத்தை ஃபாக்ஸுக்குக் கொடுத்தது, அதனால் பேரம் பேச ஒரு பெரிய கை கூட இருந்தது. இவர்கள் லாபம் முழுவதும் நமக்கே என்று நினைத்தார்கள். தேசிய சேனல் ஒன்று, வட்டார சேனல் ஆறு. டைரெக்டிவியோடு ஒப்பந்தம் கடைசி வரை வரவே இல்லை. நாட்டின் பல விளையாட்டு பார்களில் டைரெக்டிவிதான் இருந்தது, அதனால் வாஷிங்டன் ஆட்டத்தைப் பார்க்க ஊர் முழுக்க பார் தேடி அலைந்த ஆட்கள் எனக்குத் தெரியும். ஆட்டமும் கிழக்குக் கரை நேரப்படி இரவு பத்தரைக்கு, அங்கே எல்லோரும் தூங்கிய பிறகு, சேனலும் பல வீடுகளில் இல்லை. அப்படியிருந்தால் அந்த அணியைப் பற்றி நாட்டில் யார் பேசுவார்கள்?

2022 ஜூன் 30 அன்று யூஎஸ்சியும் யூசிஎல்ஏயும் பேக்-12ஐ விட்டு பிக் டென்னுக்குக் கிளம்புகிறோம் என்றன. அடுத்த கோடையில் மற்றவையும் கிளம்பி, நூறு வருடத்துக்கு மேல் பழைய லீகில் ஆரகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று இரண்டே கல்லூரி மிஞ்சியது. நெட்வொர்க்கை 2024 ஜூனில் மூடினார்கள். சேனல் பிரச்சினை ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் டிவிப் பணம் பிக் டென்னைவிடக் குறைந்துகொண்டே போனது பெரிய காரணம். என் மகள் படிக்கிற கல்லூரி பிக் டென்னுக்குக் கிளம்பியவற்றில் ஒன்று, சின்ன விளையாட்டுகளில் ஆடும் பிள்ளைகள் இப்போது ஒரு ஆட்டத்துக்காக நியூஜெர்சி வரை விமானத்தில் போய் வருகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோவை டு சார்லட்:

நம் ஊரில் 2019 பிப்ரவரியிலிருந்து ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை போடச் சொன்னதே, வேண்டிய சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வந்தால் இந்தச் சண்டையே இருக்காது இல்லையா? மதுரைக்காரி அக்கா பத்து டாலர் கொடுத்து அந்த ஒரு சேனலை மட்டும் வாங்கிக்கொள்வார்.

பில்லிங் டல்லாஸ்:

கோவை தம்பி, பத்து டாலருக்குக் கிடைக்காது. அந்த 9 டாலரும் கோடிக்கணக்கான வீடுகள், பார்க்காத வீடுகளும் சேர்த்து, பகிர்ந்துகொள்கிற விலை. ஈஎஸ்பிஎன் 2025 ஆகஸ்டில் நேரடியாக வீட்டுக்கே விற்க ஆரம்பித்தபோது விலை என்ன தெரியுமா, மாதம் 29.99 டாலர். அதே நாளில் வந்த ஃபாக்ஸ் ஒன் 19.99. உங்கள் யோசனையின் உண்மை விலை அதுதான். ஆனாலும் நான் அதை எதிர்க்கவில்லை, எட்டு மாதம் நிறுத்திவிட்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மட்டும் வாங்கலாமே, அந்தச் சுதந்திரம் முன்பு கிடையாது. எஸ்இசி லீகின் சேனலான எஸ்இசி நெட்வொர்க்கும் அந்த ஈஎஸ்பிஎன் சந்தாவிலேயே வரும்.

அப்புறம் நம் ஊர் சட்டத்திலும் சண்டை நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் புது விலைக்கு ஒத்துக்கொள்ளாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி சேனல்களைச் சில நாட்கள் நிறுத்தியதை மறந்துவிட்டீர்களா? என் மாமியார் சீரியல் வராமல் எங்களுக்கு ஃபோன் போட்டுப் புலம்பினார்.

சுகர்லேண்ட் மதுரைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மிஷிகன் தோற்ற கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

கிரெடிட் கேட்டேன், முதலில் முடியாது என்றார்கள், நிறுத்திவிடுகிறேன் என்றதும் கொடுத்தார்கள். ஆண்டெனா வியாழக்கிழமை வந்தது. கீழே ஹாலில் ஒட்டியபோது 13 வரவே இல்லை, மாடிப் படுக்கையறையில் வடகிழக்கு ஜன்னலில் வைத்ததும் பளிச்சென்று வந்துவிட்டது, எங்கள் கேபிளில் வந்ததைவிடத் தெளிவாகவே இருக்கிறது. இந்த வார ஆட்டம் நல்லவேளை ஏபிசியில்தான். அடுத்த வாரத்தது ஏபிசியில் இல்லையென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் நேரடியாக வாங்கிப் பார்க்கிறேன், வருடச் சந்தா கட்டப் போவதில்லை.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அப்பா இப்போதே கீழேயிருந்து இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார், நான் போய்ப் பிடிக்க வேண்டும்.