சொல் வேண்டும்: மாநிலப் பரிகாரங்களைத் 'தீர்த்தல்'

அன்புள்ள குழுமத்தாருக்கு,

அமெரிக்க அரசியலமைப்புப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மாநில நீதிமன்றம் தண்டித்த ஒருவர், தன் மாநிலத்தில் உள்ள வழிகளையெல்லாம் பார்த்த பிறகே கூட்டரசு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். 1886 ராயல் வழக்கில் வேர்விட்ட கொள்கை, 1948இல் சட்டமாயிற்று. ஆட்கொணர்வுக்குச் சொல் இருக்கிறது, மாநில வழிகளை இப்படிப் பார்த்து முடிப்பதற்கு (exhaustion of state remedies) இல்லை. இப்போதைக்குப் 'பரிகாரம் தீர்த்தல்' என்று எழுதியிருக்கிறேன்.
ந.

ந. அம்மா,

அது வேண்டா. 'தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட்டாகும்' என்பது தொல்காப்பிய உரியியல். பரிகாரத்தைத் தீர்த்தவர் அதைக் கைவிட்டவர் ஆகிவிடுவார். பரிகாரம் வடசொல்லும்கூட. புறநானூற்று 34ஆம் பாட்டிலேயே 'கழுவாய்' இருக்கிறது. 'கழுவாய் முற்றல்' என்க. நெல் முற்றுவது, வினைமுற்று, கோட்டையைச் சூழும் முற்றுகை எல்லாவற்றிலும் குறைவில்லாத நிறைவுதான் அடிப்பொருள். 'முழு' என்பதோடும் இதற்கு உறவு உண்டென்பது என் துணிபு, தனி மடலில் விரிக்கிறேன்.
செ.

செ. ஐயா,

கழுவாய் என்பது செய்த பாவத்துக்குத் தேடுவது. மனுதாரரோ தனக்கு அநீதி நடந்தது என்கிறார். அந்தச் சொல்லைப் போட்டால் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

கைவிடுதல் பற்றிச் சொன்னது மிக முக்கியம். 1991 கோல்மன் வழக்கில், வழக்கறிஞர் வர்ஜீனியாவில் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கெடுவுக்கு மூன்று நாள் பிந்திக் கொடுத்தார். அதனால் அந்த மரண தண்டனைக் கைதியின் கோரிக்கைகளைக் கூட்டரசு நீதிமன்றம் ஆராயவே மறுத்தது. மறு ஆண்டு தண்டனை நிறைவேறியது. வழி அடைபட்டுப் போவது வேறு, வழியை நடந்து முடிப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் தடுமாறுவார். நடந்து முடிப்பதைப் 'படிமுடிப்பு' எனலாமே? எவருக்கும் புரியும்.
வ.

வ. ஐயா, நீதிமன்றத்தில் படி என்றால் நகல். தீர்ப்பின் படியை வாங்கி முடித்ததாக எண்ணுவார்கள். கழுவாயை விடுகிறேன், முற்றலை விடமாட்டேன். 'முறையீடு முற்றல்' என்க. முறை என்றால் நீதியும்தானே.
செ.

'முற்றிய' என்றால் கத்தரிக்காய்தான் நினைவுக்கு வரும். 'முழுமுறையீடு' எனலாம்.
இரா.

நண்பர்களே,

'முறையீடு முற்றல்' என்றே போடுகிறேன். நான்கு பேர் தனிமடலில் ஒப்பினார்கள். எதிர்மறைக்கும் அது வளைந்து கொடுக்கிறது. 1982 லண்டி வழக்கில், மனுவில் முற்றாக் கோரிக்கை, அதாவது மாநிலத்தில் இன்னும் பார்த்து முடிக்காத கோரிக்கை, ஒன்று கலந்திருந்தாலும் மனு முழுவதையும் தள்ளவேண்டும் என்றார்கள் உச்ச நீதிமன்றத்தார். 1996இல் கூட்டரசு மனுவுக்கு ஓராண்டுக் கெடு வந்தபின் அப்படித் தள்ளினால் திரும்பி வரவே நேரம் இராது. அதனால்தான் 2005 ரைன்ஸ் வழக்கில், தக்க காரணம் இருந்தால், மாநிலத்தில் முடித்துவரும் வரை மனுவை நிறுத்திவைக்க இடம் கொடுத்தார்கள். 'முற்றாக் கோரிக்கை' என்றதும் இவ்வளவும் சுருக்கமாக நிற்கிறது. கோல்மன் நிலைக்கு 'வழியடைப்பு'.
ந.

ந. அம்மா,

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். சிறையிலிருப்பவரின் தாயிடம் 'முறையீடு முற்றியதா' என்றால் விழிப்பார். 'அந்த மாநிலத்துல எல்லா கோர்ட்டும் பாத்தாச்சா' என்றால் உடனே பதில் சொல்வார்.
வ.