மாலை வகுப்பிலிருந்து காலை அரை மணி நேரத்துக்கு

ஹட்டன் பக்கத்து ஆரம்பப் பிரிவு ஆசிரியை:

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 3க்குப் பொறுப்பாக இருந்தபோது, வாசிப்பில் தடுமாறிய 11 பிள்ளைகளுக்குப் பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் பரிகாரக் கற்பித்தல் நடத்தினேன். இரண்டாம் வாரத்தில் நான்கு பேர்தான் மிஞ்சினார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் நானும் சேர்ந்துகொண்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவுப் பிள்ளைகள் தேயிலை மலை வழியே கூட்டமாகத்தான் வீடு திரும்புவார்கள் என்பதும், வகுப்புக்காகப் பின்தங்கிய பிள்ளை பனிமூட்டத்தில் தனியே நடக்க வேண்டியிருந்தது என்பதும் ஒரு தாய் வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதிபரின் அனுமதியோடு வகுப்பைக் காலைக் கூட்டத்துக்கு முந்திய அரை மணி நேரத்துக்கு மாற்றினேன். அம்மாமார் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதியும் காலைக் கூட்டத்துக்கு, புறப்படும்போதே பிள்ளைகளும் கிளம்பிவிடுவதால், அந்த நேரத்தில் அவர்கள் எப்படியும் பாடசாலை முற்றத்தில்தான் நின்றார்கள்.

‘வாசிக்கத் தெரியாது’ என்று பதிவேட்டில் எழுதியிருந்தோமே தவிர, ஒவ்வொருவரும் எங்கே இடறுகிறார் என்று பார்த்திருக்கவில்லை. பலருக்குச் சிக்கல் கொம்பில் இருந்தது: ‘கெ’, ‘கே’ ஆகியவற்றில் குறி முன்னே நிற்க ஒலி பின்னே வருகிறது, ‘கொ’வில் எழுத்தின் இருபுறமும் குறி நிற்கிறது. அதற்கு எழுத்தட்டைகளை நகர்த்திக் காட்டுவதே போதுமாக இருந்தது. ஒரு பையனுக்கோ கரும்பலகையே தெளிவாகத் தெரியவில்லை. அவனுக்குக் கண்ணாடி வந்து சேர ஒன்றரைத் தவணை ஆயிற்று.

அந்தப் பையன் கணிதத்திலும் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தவன். வட்டத்தில் பாதியை நிழற்றச் சொன்னால் விழிப்பான். ஒரு நாள் ‘அரை’ என்றால் என்ன என்று கேட்டேன். “அம்மாவுக்கு நேத்து அரைப்பேர்தான் டீச்சர், கொழுந்து பத்தல” என்றான். பறித்த கொழுந்து குறைந்தால் கிடைக்கும் பாதி நாள் சம்பளம்தான் அரைப்பேர். பிறகு அவனே ஒரு கணக்குச் சொன்னான்: மூன்று நிறுவையில் 6, 7, 5 கிலோ, ஒவ்வொரு தடவையும் சாக்குக்கென்று 1 கிலோ கழிப்பார்கள், ஆகவே 15. இதே கணக்கைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த தரம் 5 பிள்ளைகளிடம் கொடுத்தபோது, பாதிப் பேர் ஒரு தடவை மட்டும் கழித்து 17 என்று எழுதினார்கள். அதற்குப் பின், திறமை கூடிய பிள்ளைகளுக்கான மீத்திறன் செயற்பாடுகளுக்கு அவனையும் சேர்த்தே அழைத்தேன். காலையில் கொம்பெழுத்து, நண்பகலில் புதிர்க்கணக்கு என்று இரண்டும் அவனுக்குத் தேவைப்பட்டன.

தலவாக்கலைப் பக்கத்துத் தாய்:

டீச்சர், நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் மகளின் தரம் 5 ஆண்டு நினைவுக்கு வந்தது. தமிழ்த் தினப் போட்டியின் பேச்சுப் பிரிவுக்கு ஆசையோடு பயிற்சி எடுத்தவளை, புலமைப்பரிசில் ஆண்டில் அதெல்லாம் வேண்டாம் என்று பாடசாலையில் நிறுத்திவிட்டார்கள். வாசிகசாலைப் பாடவேளையும் மாதிரி வினாத்தாள்களுக்கே போனது. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி என்பதைத் தவிர அந்த ஆண்டில் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இருக்கவில்லை. கடைசியில், தெரிவாவதற்குத் தேவையான வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்தது. புள்ளி போனதைவிட, அவள் மேடை ஏறவே கூச்சப்படத் தொடங்கியதுதான் எனக்கு மனவருத்தம்.

இப்போது சின்ன மகன் தரம் 2. நான் அதிகம் படித்தவள் அல்லள். மலையிலிருந்து திரும்பவே மாலை ஐந்து மணியாகிவிடுகிறது. வீட்டில் அவனுக்கு எப்படி உதவுவது?

ஆசிரியை:

நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரவுச் சமையலின்போது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பக்கத்தை உங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவன் தடுமாறினால் திருத்தவோ அதட்டவோ வேண்டாம். அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் கோடிட்டுவிட்டு மேலே வாசிக்கட்டும். மறுநாள் அந்தப் பக்கத்தை வகுப்பாசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். கோடுகள் எந்த எழுத்தில் கூடுகின்றன என்பதைப் பார்த்தாலே எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மகளையும் வாரத்தில் ஒரு நாள் அவனுக்குக் கதை சொல்ல விடுங்கள். கேட்க அவன் ஒருவன் மட்டும் இருந்தாலும், அவளுக்கு அது பேசிப் பழக ஓர் இடம்.