ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை யார் யார் கையில் இருந்தது?

வெள்ளவத்தைக்காரி:
வணக்கம். டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகிறோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், கடலுக்குள் நிற்கிற கோட்டையின் படத்தை மகனுக்குக் காட்டினேன். இப்போது ஹோட்டலாம் என்றேன். பக்கத்தில் இருந்த மாமி உடனே, "ஹோட்டலோ? அது மறியல், ஆட்களை அடைக்கிற சிறை அல்லவா" என்றா. மகன் விடுகிறான் இல்லை, யார் கட்டினது, ஏன் மறியல் ஆனது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைநகர்ப் பெடியன்:
அக்கா, மாமி சொன்னது சரி. ஆனால் அது நடுவில் வந்த கதை. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கீசர்தான் கட்டினார்கள். யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் நுழைகிற வாயில் அது, அங்கே பீரங்கி வைத்தால் எந்தக் கப்பலும் கேட்காமல் உள்ளே போக முடியாது, வன்னியில் பிடித்த யானைகளைக் கப்பலேற்றியதும் இந்தத் துறையில்தான். கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பவளப்பாறை என்று தெரியும், பூப்பூவாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். மதில் இடிந்து கோட்டை விழவில்லை. உள்ளே இருந்த தண்ணீர்த் தொட்டி போய்விட்டது, அவ்வளவுதான். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை, இரண்டு கிழமை தாக்குப்பிடித்துவிட்டுச் சரணடைந்தார்கள். மகனுக்கு இந்த இடத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகன்:
தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்ததும் கிட்டத்தட்ட ஏழு மாதம் முற்றுகை போட்டு, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டுத்தான். நீங்கள் ரயிலேறப் போகிற கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் இன்றைக்குப் பெயர்தான் கோட்டை, மதிலைப் பெரும்பாலும் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். ஊர்காவற்றுறையில் முழுக் கோட்டையும் எட்டுமூலையோடு அப்படியே நிற்கிறது. அதனால்தான் அங்கே போகிற பிள்ளைகள் படத்துக்கு நின்றுவிட்டு மட்டும் வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

இந்தக் கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்ற பெயரும் உண்டு, ஒல்லாந்தர் வைத்தது. இலங்கையின் வடிவம் அவர்களுக்குப் பன்றித் தொடை இறைச்சி மாதிரித் தெரிந்ததாம், கோட்டை நிற்கிற இடம் அதன் குதிகால். நம் தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்: காரைதீவு (இன்றைய காரைநகர்) ஆம்ஸ்டர்டாம், வேலணைத் தீவு லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ட். டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கடற்கோட்டை என்றே சொல்லிப் பழக்குங்கள், எங்கள் ஆட்கள் சொல்கிற பெயர் அது.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது இதுவும் போனது. காவல் காக்கிற தேவை குறைந்த பிறகு தொற்றுநோயாளிகளை வைக்கிற இடமாகவும் மறியலாகவும் ஆக்கினார்கள். 1971இல் ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சி அரசாங்கத்துக்கு எதிராகச் செய்த கிளர்ச்சியில் பிடிபட்ட இளைஞர்களை அடைத்ததும் இங்கேதான். மாமி சொல்கிற மறியல் எந்தக் காலத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

காரைநகர்ப் பெடியன்:
இப்போது கடற்படையின் கையில். தங்குமிடமும் அவர்களுடையதுதான், அதனால் உள்ளே போக முதலே கேட்டு வையுங்கள். ஊர்காவற்றுறைப் பக்கக் கரையில் போர்த்துக்கீசரின் இன்னொரு கோட்டை இடிந்துபோய்க் கிடக்கிறது, பற்றைக்குள். அதையும் பாருங்கள். அப்புறம் காரைநகருக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகில் கடந்து வாருங்கள், கடற்கோட்டை நல்லாகத் தெரியும்.

வெள்ளவத்தைக்காரி:
நன்றி தம்பி, நன்றி அண்ணா. மாமியிடம் கேட்டேன், 71தான். இங்காலிப் பக்கத்துப் பெடியன்களை அங்கே கொண்டுபோனதாக அப்பா சொல்லி அழுதவர் என்றா. அவவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். மகன் இப்போதே கேட்கிறான், அந்தத் தண்ணீர்த் தொட்டி எந்த இடத்தில் இருந்தது என்று.