ஈட்டிப் பலகையில் வார்னிஷ் காயவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

உளிக்காரன்:
மேல்பலகை ஈட்டி மரம் (ரோஸ்வுட்), கால்கள் தேக்கு என்று ஒரு சின்ன மேசை செய்தேன். ஆயில் பேஸ் பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தேன். ஒரே டப்பா, ஒரே பிரஷ். கால்கள் மறுநாளே காய்ந்துவிட்டன. மேல்பலகை மட்டும் இன்னும் பிசுபிசு, விரல் வைத்தால் ரேகை பதிகிறது. ஓரத்தில் பதித்த வெள்ளை மரக் கீற்றில் நன்றாகக் காய்ந்திருக்கிறது. டப்பா பழசா, இல்லை காற்றின் ஈரமா?

சீவல்:
ஈரம்தான். ஃபேன் போட்டுவிட்டு, மேலே மெல்லிசாக இன்னொரு கோட் கொடுங்கள்.

பழையரம்பம்:
இன்னொரு கோட் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவும் சேர்ந்து பிசுபிசுக்கும். ஈரம் என்றால் காலும் கீற்றும் எப்படிக் காய்ந்தன? கோளாறு ஈட்டியில்தான்.

இந்த வகை வார்னிஷ், தின்னர் ஆவியானால் மட்டும் காய்ந்துவிடாது. காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் இறுகும். ஈட்டி, கோகோபோலோ போன்ற டால்பெர்ஜியா இன மரங்களில் ஊறியிருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் அந்த வினையைத் தடுத்துவிடும். காத்திருந்து பயனில்லை.

தின்னர் நனைத்த துணியால் எல்லாவற்றையும் வழித்தெடுங்கள். உப்புத்தாள் இப்போது போட்டால் அடைத்துக்கொள்ளும். மரம் தெரிந்ததும் லேசாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கு (ஷெல்லாக்) இரண்டு மெல்லிய கோட் கொடுங்கள். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் போதும். அரக்கு ஸ்பிரிட் ஆவியாகியே காய்வதால் ஈட்டியின் சேட்டை அதனிடம் பலிக்காது. அது காய்ந்ததும் உங்கள் பழைய வார்னிஷையே அடிக்கலாம். மெழுகோடு இருக்கும் சாதா அரக்கில் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது, பார்த்து வாங்குங்கள்.

உளிக்காரன்:
அசிட்டோனால் துடைத்துவிட்டு நேரே வார்னிஷ் அடித்தால் போதாதா? அரக்கு அடித்தால் ஈட்டியின் சாயம் வெள்ளைக் கீற்றில் ஏறிவிடுமோ என்று பயம்.

பழையரம்பம்:
அசிட்டோன் மேலே இருப்பதைத்தான் எடுக்கும். அடுத்து வரும் வார்னிஷின் தின்னரே உள்ளிருப்பதை மறுபடி மேலே இழுத்து வந்துவிடும். தேக்குக்கு அந்தத் துடைப்பே பெரும்பாலும் போதும், ஈட்டியை நம்ப முடியாது.

சாயம் பற்றிய பயம் நியாயமானது, ஸ்பிரிட்டில் அந்தச் செந்நிறம் கரையும். முதலில் சின்ன பிரஷ்ஷால் கீற்றுக்கு மட்டும் அரக்கு பூசிக் காயவிடுங்கள். அப்புறம் முழுப் பலகைக்கும் முதல் கோட்டை ஸ்பிரே செய்யுங்கள். ஸ்பிரே இல்லையா, அரக்கு நனைத்த துணியைக் கீற்றின் நீளவாக்கில் ஒரே இழுப்பாக இழுங்கள், குறுக்கே போகக்கூடாது. அசிட்டோன் துடைக்கும்போதும் அப்படித்தான்.

சீவல்:
அப்போ ஹார்டனர் கலக்கும் பாலியூரித்தேன் (பி.யூ.) அடித்தால்?

பழையரம்பம்:
அதற்கு ஆக்சிஜன் வேண்டாம், ஹார்டனரோடு சேர்ந்து இறுகும். ஆகையால் இந்தத் தொல்லை குறைவு. எண்ணெய்ப் பசை இருந்தால் உரிந்து வரலாம், துடைப்பை விட்டுவிடாதீர்கள். பாலியெஸ்டர் சீலர் மட்டும் நேரடியாக வேண்டாம், அதுவும் ஈட்டியில் இறுகாமல் மாட்டிக்கொள்ளும்.

உப்புத்தாள் போடும்போது மாஸ்க் அவசியம். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். அசிட்டோன் துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

உளிக்காரன்:
சரி, மிச்சமிருக்கும் ஈட்டித் துண்டில் முதலில் அடித்துப் பார்த்துவிட்டு மேசைக்கு வருகிறேன்.