பொதுப் பூங்காவில் தன்னார்வப் பணி: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். வார இறுதியில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தை அருகிலுள்ள பொதுப் பூங்காவிலோ அதை ஒட்டிய புதர்க்காட்டிலோ தன்னார்வப் பணிக்குச் செலவிட விரும்புகிறேன். மரம் நடும் விழாக்களுக்குத்தான் அழைப்பு வருகிறது. நட்ட கன்றுகளை அதன்பின் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தெரியாததால் தயங்குகிறேன். தாவரங்களைப் பற்றிய பயிற்சி எனக்கு இல்லை; முதுகுவலி இருப்பதால் பளு தூக்கவும் இயலாது. உண்மையிலேயே பயன்படக்கூடிய வேலை எது?

மறுமொழி 1

உங்கள் தயக்கம் நியாயமானதே. நடுவது ஒரு நாள் வேலை. அந்தக் கன்று வேரூன்றி நிலைக்கும்வரை முதல் சில ஆண்டுகளுக்கு நீரும் களையெடுப்பும் தேவைப்படும். ஆகவே, அழைப்பவர்களிடம் பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், அங்கே ஏற்கெனவே நடப்பட்ட கன்றுகளைக் கவனித்துக்கொள்ள அனுமதி கேட்பது இன்னொரு நூறு கன்றுகளை நடுவதைவிட மேலானது என்பது என் கருத்து.

அதைவிடவும் பயனுள்ளது அயல் களைகளை அகற்றுவது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாகக் கொண்டுசெல்லப்பட்ட உண்ணிச்செடி, உலகின் பல பகுதிகளில் இன்று மண்ணுக்குரிய செடிகளை நெருக்கி மூடிவிட்டது. அதன் கனிகளைப் பறவைகள் தின்று விதைகளைப் பரப்புகின்றன. தண்டை மட்டும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்துவிடும். எனவே ஒரே நாளில் பெருங்கூட்டமாக வந்து வெட்டிச் செல்வதால் பயனில்லை. சிலர் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, புதிதாக முளைப்பவற்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுப்பதுதான் பலன் தரும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்னும் சகோதரிகள் 1960களில் புதர்க்காடுகளை இப்படித்தான் மீட்டெடுத்தார்கள். களை மண்டிக் கிடக்கும் இடத்தில் இறங்கத்தான் நமக்குக் கை துறுதுறுக்கும். அவர்களோ நல்ல நிலையிலுள்ள பகுதியில் தொடங்கிக் களை மிகுந்த பகுதியை நோக்கி மெல்ல நகர்ந்தார்கள். மண்ணை இயன்றவரை கிளறாமல், பறித்த இடத்தைச் சருகால் மீண்டும் மூடினார்கள். மண்ணுக்குரிய செடிகள் எந்த வேகத்தில் திரும்ப முளைக்கின்றனவோ, அந்த வேகத்துக்கு மேல் களையெடுக்கவில்லை. ஏனெனில் வெறுமையாக விடப்பட்ட நிலத்தை முதலில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் களைதான்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியை ஏற்கிறேன். ஆயினும் முதுகுவலி உள்ளவரைக் குனிந்து களை பறிக்கச் சொல்வது சரியாகப் படவில்லை. நீங்கள் பதிவு செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரே பாதையில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், தொடர்ந்து நடந்து, கண்ட பறவைகளையும் பூத்த செடிகளையும் குறித்துவந்தால், களையெடுப்பால் மாற்றம் நிகழ்கிறதா என்பதைச் சில பருவங்களில் அறியலாம். கண்டவற்றைப் பதிவிட, பறவைகளுக்கு 2002இல் தொடங்கிய இ-பேர்டு, எல்லா உயிரினங்களுக்கும் 2008இல் தொடங்கிய ஐ-நேச்சுரலிஸ்ட் ஆகிய இணையத்தளங்கள் உள்ளன. பின்னதில் பெயர் தெரியாத செடியின் படத்தை இட்டாலும் பிறர் அடையாளம் காண உதவுவார்கள் என்பதால், பயிற்சியின்மை தடையாகாது. ஒரே எச்சரிக்கை: கூடு கட்டியுள்ள இடத்தையோ அரிய செடி வளரும் இடத்தையோ துல்லியமாக வெளியிடாதீர்கள்.

மறுமொழி 3

பூங்காவில் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்த நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தைக் கேளுங்கள். நல்லெண்ணத்தோடு வருபவர்கள், காய்ந்து விழுந்த கிளைகளையும் சருகையும் குப்பை என்று எண்ணிக் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். வண்டுகளும் காளான்களும் தவளைகளும் வாழ்வது அவற்றில்தான். பாதையில் கிடப்பதை ஒதுக்கினால் போதும். மூடாக்கு (மண்ணின் ஈரம் காக்க மேலே பரப்பும் சருகு, வைக்கோல் போன்றவை) இடுபவர்கள் அதை மரத்தின் அடியைச் சுற்றிக் கோபுரம்போல் குவிப்பதும் வழக்கமாகிவிட்டது. அடிமரத்தைத் தொடாமல் சற்று இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். இல்லையேல் ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.

ஓர் இயற்கைப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்பவர்கள் காலணியில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டுச் செல்லுங்கள். களை விதைகளும், வேரழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா போன்ற நோய்க்கிருமிகளும் அந்த மண்ணோடு பயணம் செய்கின்றன. மற்றபடி, எங்களுக்கு எப்போதும் ஆள் கிடைக்காத வேலைகள் கருவிகளைக் கணக்கெடுப்பதும், வருபவர்களின் பட்டியலைப் பேணுவதும், புதியவர்களை அழைத்துச் சென்று இடத்தைக் காட்டுவதும்தான். அவற்றில் எதற்கும் பளு தூக்கத் தேவையில்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பதிவு செய்வதையும் பட்டியல் பேணுவதையும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஐயம் மட்டும்: பறித்த களைகளை அங்கேயே விட்டுவிடலாமா?

மறுமொழி 1

பூவும் காயும் இல்லாதவற்றை, வேர் மேல்நோக்கி இருக்கும்படி வெயிலில் உலரவிட்டால் மண்ணுக்கே உரமாகும்; தண்டுத் துண்டிலிருந்து வேர்விடும் இனங்களை மட்டும் அப்படி விடக்கூடாது. காய் பிடித்தவற்றைப் பையில் கட்டி, நிர்வாகம் காட்டும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். சூடேறாத சாதாரண உரக்குழியில் அந்த விதைகள் பிழைத்துக்கொள்ளும். ஆகாயத்தாமரை போன்ற நீர்க்களைகளைக் கரையோரத்தில் குவிக்க வேண்டாம், அடுத்த மழையில் அவை நீருக்கே திரும்பிவிடும்.