கவனமானியா, கவனச்சாடையா?

பொருள்: மறு: கவனமானி – புதிய கலைச்சொல்

> மாணவர் நெற்றியில் கட்டும் மூளையலைப் பட்டைக்குக் 'கவனமானி' என்றும், அது காட்டும் எண்ணுக்குக் 'கவன அளவு' என்றும் பெயர் வைக்கலாம். வெப்பமானி, அழுத்தமானி போல.

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. அதுதான் என் பயமே, சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

மூளையின் சமிக்ஞையைக் கணினிக்குக் கொண்டுபோகும் இத்தகைய கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயரான 'மூளை–கணினி இடைமுகம்' என்ற தாய்ச்சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. வழக்கத்துக்கு வந்துவிட்டது, இருக்கட்டும். சிக்கல் 'மானி'யில். அந்தப் பட்டை அளப்பது தலைத்தோலில் தென்படும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை. பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். அதில் 13–30 ஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்கும் பீட்டா அலையை, அதைவிட மெதுவான ஆல்பா, தீட்டா அலைகள் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து அந்த எண்ணைப் பெறுவது ஒரு முறை. பள்ளிக்கூடத்தில் பிறந்த கணக்கு அல்ல இது. தானியங்கிக் கருவிகளோடு வேலை செய்பவரின் ஈடுபாட்டைப் பார்க்க 1995-இல் நாசா ஆய்வாளர்கள் கையாண்டது.

சென்ற டிசம்பரில் கோத்தகிரியில், எங்கள் பதினொன்றாம் வகுப்பில், இரவல் பட்டை ஒன்றைக் கட்டிப் பார்த்தோம். முதல் பாடவேளை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். கம்பளிக் குல்லாயைக் கழற்றச் சொன்னதும் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினான். திரையில் எண் ஏறியது! வகுப்பிலேயே அவன்தான் கூர்ந்து கவனிப்பவன் என்றது கருவி. தாடைத் தசையின் மின் சமிக்ஞை 20 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கி மேலே பரவுகிறது, பீட்டாவோடு கலந்துவிடுகிறது. சூடாகத் தேநீர் கொடுத்தோம். நடுக்கம் நின்றது, எண் இறங்கியது. அதன் பிறகுதான் அவன் கரும்பலகையைப் பார்க்கவே தொடங்கினான்.

இன்னொன்று. கண்ணை மூடினால் ஆல்பா ஓங்கும் என்பது, மனித மூளையலையை 1924-இல் முதலில் பதிந்த ஹான்ஸ் பெர்கர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. கண்மூடிப் பாடம் கேட்கும் பிள்ளை இந்தக் கணக்கில் தோற்றுப்போகும்.

வெப்பமானியும் பாதரசத்தின் நீளத்தைத்தானே காட்டுகிறது என்பீர்கள். ஆம். ஆனால் பாதரசம் குளிரில் நடுங்கி ஏறுவதில்லை.

நோய்க்குறி போலக் 'கவனக்குறி' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் கை தவறினால் 'கவனக்குறைவு' ஆகிவிடும். மதிப்பெண் அட்டையில் அப்படி அச்சானால் பிள்ளைக்கு வீட்டில் அடி விழும். ஆகவே எண்ணுக்கு என் பரிந்துரை: கவனச்சாடை. தூரத்தில் ஒருவர் மாமாவின் சாடையில் வந்தால், மாமாவேதான் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. கருவிக்கு 'மூளையலைப் பட்டை' போதும்.

– கோத்தகிரியிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியை

மறு: மறு: கவனமானி

அம்மா, நடுங்கிய பையனிடம் தோற்றேன். ஆனால் 'சாடை' ஆய்வேட்டில் நிற்குமா? பேச்சு வாடை அடிக்கிறது. 'கவனச்சாடை எண்' என்றால் அலகில்லாத விகிதம் என்பதும் விளங்கும்.

– குன்னூரிலிருந்து

மறு: மறு: மறு: கவனமானி

'எண்' சேர்ப்பதை ஏற்கிறேன் ஐயா. பேச்சு வாடை இருந்துவிட்டுப் போகட்டும். கண் சிமிட்டும்போது நெற்றி மின்வாயில் சில நூறு மைக்ரோவோல்ட் துள்ளுகிறதே, அந்தப் போலிச் சமிக்ஞைக்குக் 'கண்சாடை' என்று பெயர் வைக்கவும் ஆசைதான், அடக்கிக்கொள்கிறேன். கலைச்சொல் பட்டியலிலிருந்து கவனமானியை அழிக்க வேண்டாம். பக்கத்தில் 'தவிர்க்க' என்று எழுதிவிடுங்கள்.